புதிரும் பிரச்சினையும்

விளையாட்டும் வியாபாரமும் வெவ்வேறு உலகங்களைச் சேர்ந்தவை என்ற எண்ணம் நெடுங்காலமாக நம்மிடையே நிலவி வருகின்றது. திண்ணையிலே கூடியிருக்கும் சிறுவர்கள் நொடி போட்டு விடுவிக்கும்போது அங்கே விற்பவனுமில்லை, வாங்குபவனுமில்லை. நொடியைப் போட்டவனும் அதனை விடுவித்தவனும் ஒரே மகிழ்ச்சியையே பங்கிட்டுக்கொள்கின்றனர். ஒல்லாந்து தேசத்து வரலாற்றறிஞர் யொஹான் ஹுயிசிங்கா, 1938ஆம் ஆண்டு வெளியிட்ட 'ஹோமோ லூடென்ஸ்' என்னும் நூலிலே விளையாட்டின் இலக்கணங்களுள் ஒன்றாக இதனையே வற்புறுத்தினார். விளையாட்டு சுயவிருப்பின்பாற்பட்டது, அன்றாட வாழ்விலிருந்து விலகி நிற்பது, பொருளாதாயத்தோடு தொடர்பற்றது என்பது அவர் கருத்து.

இவ்விலக்கணத்தைத் தலைகீழாக்கிய வளர்ச்சியொன்று இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்திலே அமெரிக்கக் கேளிக்கைத் தொழிலில் தோன்றியது. ஒரு திரைப்படமோ, கணினி விளையாட்டோ, இசைத்தொகுப்போ வெளிவருவதற்குச் சில மாதங்களுக்கு முன்னர், விளம்பரம் என்ற அடையாளமே இல்லாதவாறு ஒரு மர்மக் கதையைத் துண்டுதுண்டாக்கி உலகெங்கும் தூவிவிடுவர். துண்டொன்று இணையத்தளத்திலே கிடக்கும். இன்னொன்று தொலைபேசியில் வரும். மற்றொன்று சுவரொட்டியின் எழுத்துகளுக்குள் மறைந்திருக்கும். அவற்றைத் தேடிப் பொருத்திப் புதிர்களை விடுவிப்போர் பொதுமக்கள். மாற்று மெய்ந்நிலை விளையாட்டு என்பது இதற்கு இடப்பட்ட பெயர். விளையாடுபவர் கட்டணம் எதுவும் செலுத்துவதில்லை. அவரை எவரும் வற்புறுத்துவதுமில்லை. மகிழ்ச்சியோடு வருகின்றார், மகிழ்ச்சியோடு உழைக்கின்றார்.

அப்படியாயின் இதிலே அறம் பற்றிய வினாவை எழுப்புவதற்கு என்ன இருக்கின்றது? மகிழ்ச்சியோடு அளிக்கப்பட்ட உழைப்பும் சுரண்டப்பட்ட உழைப்பாகுமா? அன்றி, நாம் கண்டிக்கவேண்டிய குற்றம் வேறெங்கேனும் ஒளிந்திருக்கின்றதா? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புதிரைக் காட்டிப் பொருளை விற்கும் முறை முற்றிலும் புதியதன்று. 1904ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லண்டனில் வெளிவந்த 'வீக்லி டிஸ்பாட்ச்' என்னும் பத்திரிகை, பணப்பரிசுக்குரிய பதக்கங்களை ஆங்காங்கே மண்ணிற் புதைத்துவைத்து, அவை இருக்குமிடம் பற்றிய குறிப்புகளைத் தன் பக்கங்களிலே வெளியிட்டது. மக்கள் கூட்டங் கூட்டமாகச் சென்று வீதியோரங்களையும் பூங்காக்களையும் பிறர் நிலங்களையும் கிண்டிப் புரட்டினர். விடயம் பொலிசாரிடமும் நீதிமன்றத்திடமும் சென்றது. ஆதாயம் பத்திரிகைக்கு, கிண்டப்பட்ட வீதி ஊராருக்கு. ஆயினும் அங்கே ஒவ்வொருவனும் பரிசுக்காகத் தனித்தனியே தோண்டினான். பக்கத்திலே தோண்டியவன் அவனுக்குப் போட்டியாளன். இன்றைய முறையின் புதுமை இவ்விடத்திலேதான் இருக்கின்றது. இங்கே பெரும்பாலும் பரிசு இல்லை. தோண்டுவோர் ஒன்றுசேர்ந்து தோண்டுகின்றனர்.

ஸ்டீவன் ஸ்பீல்பேர்க் நெறிப்படுத்திய 'ஏ.ஐ.' என்ற திரைப்படம் 2001ஆம் ஆண்டு யூன் 29ஆந் திகதி அமெரிக்காவில் வெளியாயிற்று. அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர், படத்தின் முன்னோட்டத்திலே காட்டப்பட்ட பெயர்ப்பட்டியலில் ஜெனின் சல்லா என்றொரு பெயர் காணப்பட்டது. உணர்வுடைய இயந்திரங்களுக்குச் சிகிச்சையளிப்பவர் என்ற விசித்திரமான பதவியும் அப்பெயரின் பக்கத்திலே இருந்தது. அப்பெயரை இணையத்திலே தேடிப் பார்த்தவர்கள், 2142ஆம் ஆண்டிலே நிகழ்வதாகக் கற்பனை செய்யப்பட்ட ஓர் உலகத்தினுள் நுழைந்தனர். அங்கே எவான் சான் என்ற பாத்திரத்தின் மரணம் பற்றிய மர்மம் அவர்களுக்காகக் காத்திருந்தது. மைக்ரோசொப்ட் கம்பனியைச் சேர்ந்த ஜோர்டன் வைஸ்மன், எலான் லீ என்போரும் நாவலாசிரியர் ஷோன் ஸ்ருவர்ட்டும் இதனை உருவாக்கினர். 'பீஸ்ட்', அதாவது விலங்கு, என்ற செல்லப்பெயரே பின்னர் இதற்கு நிலைத்துவிட்டது.

மாதக்கணக்கில் நீடிக்கும் என்று எதிர்பார்த்து அமைத்த புதிர்கள் முதல் நாளிலேயே விடுவிக்கப்பட்டுவிட்டன என இதனை அமைத்தோர் பின்னர் கூறியுள்ளனர். தனியொருவரால் அது இயலாது. 'கிளவுட்மேக்கர்ஸ்' என்ற பெயரோடு இணையத்திலே கூடிய குழுவில் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் சேர்ந்திருந்தனர். இரகசியக் குறியீட்டை உடைக்க ஒருவர். பழைய இசைக்குறிப்பை வாசிக்க ஒருவர். ஜெர்மன் மொழியும் யப்பான் மொழியும், நமது அயல்மொழியாகிய கன்னடமுங்கூட, தெரிந்தவர் இன்னொருவர். ஒருவர் அறியாததை மற்றவர் அறிந்திருந்தார். ஒருவர் கண்டதை எல்லோரும் பகிர்ந்துகொண்டனர். எவரும் கூலி கேட்கவில்லை. அறிவு பொதுவுடைமையாக்கப்படும்போது எத்தகைய ஆற்றல் பிறக்கும் என்பதற்கு இதனைவிடச் சிறந்த சான்று காண்பது அரிது. அச்சான்று ஒரு திரைப்படத்தின் விளம்பரத்திலே கிடைத்தது என்பதுதான் நம்மைச் சிந்திக்கவைக்கும் செய்தி.

பின்வந்த முயற்சிகள் இணையத்தைவிட்டு வீதிக்கே இறங்கின. 2004ஆம் ஆண்டு மைக்ரோசொப்ட் கம்பனியின் 'ஹேலோ 2' என்ற கணினி விளையாட்டின் வெளியீட்டை முன்னிட்டு '42 என்ரர்ரெயின்மன்ட்' என்னும் நிறுவனம் 'ஐ லவ் பீஸ்' என்ற புதிரை அமைத்தது. தேனீ வளர்ப்பவர் ஒருவரின் இணையத்தளம் பழுதடைந்துவிட்டது போன்ற தோற்றம். அதிலே வெறும் எண்கள். அவை புவியின் அகலக்கோடு நெடுங்கோடுகளும் நேரங்களும் என்று விளையாடியோர் கண்டுபிடித்தனர். குறித்த இடங்களிலே பொதுத் தொலைபேசிகள் இருந்தன. குறித்த நேரத்திலே அவை ஒலித்தன. எடுத்தவர் கேட்டது ஒரு வானொலி நாடகத்தின் துணுக்கு. எல்லாத் துணுக்குகளையும் சேர்த்தாலன்றிக் கதை விளங்காது. புளோரிடாவிலே சூறாவளி நெருங்கிக்கொண்டிருந்த வேளையிற்கூட ஒருவர் தொலைபேசியருகே நின்று அழைப்பை ஏற்றார். அவ்வாண்டு நவம்பர் 9ஆந் திகதி வெளிவந்த 'ஹேலோ 2', முதல் நாளிலேயே வட அமெரிக்காவிலே ஏறத்தாழ 12 கோடி 50 லட்சம் டொலருக்கு விற்பனையாயிற்று. அவ்விற்பனை முழுவதையும் புதிரின் கணக்கிலே எழுதிவிட முடியாது. ஆயின் விற்பனைக்கு முன் எழுந்த ஆரவாரத்திலே அதற்குப் பங்குண்டு என்பதை மறுப்பதும் இயலாது.

2008ஆம் ஆண்டு யூலையில் வெளிவந்த 'த டார்க் நைட்' திரைப்படத்துக்காக அதே நிறுவனம் ஓராண்டுக்கு மேலாக ஒரு புதிர்விளையாட்டை நடத்தியது. பல நகரங்களிலே குறித்த வெதுப்பகங்களுக்குச் சென்றவர்களுக்குக் கேக் வழங்கப்பட்டது. கேக்கினுள்ளே கைத்தொலைபேசி இருந்தது. படத்தில் வரும் ஹார்வி டென்ற் என்ற பாத்திரம் ஒரு கற்பனை நகரத்தின் அரசாங்க வழக்கறிஞர் பதவிக்குப் போட்டியிடுவதாகக் கொண்டு, தேர்தற் பிரசார வாகனங்கள் அமெரிக்க நகரங்களிலே வலம்வந்தன. இளைஞர்கள் பதாகைகளை ஏந்தி இல்லாத வேட்பாளருக்காக முழக்கமிட்டனர். அவ்வாண்டு அந்நாட்டிலே உண்மையான சனாதிபதித் தேர்தலும் நடைபெற்றது என்பதை நாம் மறந்துவிடலாகாது. 2009ஆம் ஆண்டு கான் நகரில் நடந்த விளம்பரத் துறையினரின் விழாவிலே இவ்விளையாட்டு உயர்ந்த பரிசொன்றைப் பெற்றது. விளையாடியோர் அதனை என்னவென்று எண்ணியிருப்பினும், பரிசளித்தோர் அதனை விளம்பரம் என்றே எண்ணினர்.

இவற்றினும் விசித்திரமானது 2007ஆம் ஆண்டு 'நைன் இஞ்ச் நெயில்ஸ்' என்னும் இசைக்குழுவின் 'இயர் ஸீரோ' என்ற இசைத்தொகுப்போடு வந்த புதிர். எதிர்கால அமெரிக்கா ஒரு கொடுங்கோல் அரசின் கண்காணிப்பிலே சிக்கிக்கிடப்பதாகவும், இரகசியக் கிளர்ச்சியாளர்கள் காலங்கடந்து செய்தி அனுப்புவதாகவும் அதன் கதை அமைந்திருந்தது. இசைக்குழுவின் மேற்சட்டையிலே தடித்த எழுத்துகளைச் சேர்த்து வாசித்தவர் முதல் இணையத்தளத்தைக் கண்டனர். லிஸ்பன் நகரிலே இசைநிகழ்ச்சி நடந்த மண்டபத்தின் கழிப்பறையில் விட்டுச்செல்லப்பட்ட யூ.எஸ்.பி. நினைவகத்திலே வெளிவராத பாடலொன்று கிடைத்தது. ஏப்ரல் 18ஆந் திகதி லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே இரசிகர்கள் சிலர் 'கிளர்ச்சியாளர் கூட்டம்' ஒன்றுக்கு இரகசியமாக அழைக்கப்பட்டனர். உரை நிகழ்ந்தது, இசைக்குழு வாசித்தது, இடையிலே ஆயுதம் தாங்கிய பொலிசார் வேடத்தில் நடிகர்கள் புகுந்து கூட்டத்தைக் கலைத்தனர். கண்காணிப்பும், தடைசெய்யப்பட்ட கூட்டமும், அடக்குமுறையும் இசைத்தொகுப்பின் வெளியீட்டு விழாவின் அங்கங்களாயின. இது விளம்பரமன்று, படைப்பின் பகுதியே என்று அக்குழுவின் தலைவர் ரென்ற் றெஸ்னர் வாதிட்டார். அவர் நேர்மையை ஐயுறவேண்டியதில்லை. எனினும், இரசிகர் கையிலே வேண்டுமென்றே விடப்பட்ட பாடல்களை வெளியிட்ட இணையத்தளங்களுக்கு, அவற்றை நீக்குமாறு அமெரிக்க இசைத்தட்டுத் தொழிலாளிபர் சங்கம் அறிவித்தல் அனுப்பியதாக அவ்வாண்டிலேயே செய்திகள் வந்தன. கிளர்ச்சி விளையாட்டு, உரிமைச் சட்டம் விளையாட்டன்று.

இனி, இம்முறையின்மீது சுமத்தக்கூடிய குற்றச்சாட்டுகளை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்ப்போம்.

முதலாவது குற்றச்சாட்டு வஞ்சகம் என்பது. விளம்பரத்தை விளம்பரமென்று கூறாது மறைத்தனர். ஆகவே ஏமாற்றினர் என்று சிலர் சொல்வர். இக்குற்றச்சாட்டு முழுவதும் நிலைக்கத்தக்கதன்று. விளையாடியவர்களிற் பெரும்பாலோர் சில நாட்களிலேயே இஃது ஒரு படத்துக்கான ஏற்பாடு என்று அறிந்திருந்தனர். 'இது விளையாட்டன்று' என்ற பாவனையை அவர்கள் மனமறிந்தே ஏற்றுக்கொண்டனர். கூத்துக் களரியிலே முடிதரித்து நிற்பவன் அயலூர் விவசாயி என்பதைச் சபையோர் அறிவர்; அறிந்தும் அரசனுக்காக அழுவர். அவ்வழுகை ஏமாற்றத்தின் விளைவன்று. ஆகவே வஞ்சகத்தை முதன்மைக் குற்றமாகக் கொண்டால் நாம் குறிதவறி விடுவோம்.

இரண்டாவது குற்றச்சாட்டு சுரண்டல். ஆயிரக்கணக்கானோரின் நேரமும் அறிவும் கூலியின்றிப் பெறப்பட்டன. அதன் பயனோ கம்பனிக்குச் சென்றது என்பது இதன் சாரம். முற்போக்குச் சிந்தனை உடையோர் இயல்பாகவே இக்குற்றச்சாட்டை நோக்கி ஓடுவர். ஆயின் சொற்களை அளந்து பயன்படுத்தும் கடமை நமக்குண்டு. தேயிலைத் தோட்டத்திலே கொழுந்து பறிப்பவள் தன் உழைப்பை விற்பது உண்ணவேண்டும் என்பதனால். வேலையை விட்டு விலகும் சுதந்திரம் அவளுக்குப் பெயரளவிலேதான் உண்டு. புதிர் விடுவித்த கல்லூரி மாணவன் எந்த நிமிடத்திலும் எழுந்து போயிருக்கலாம். அதனால் அவன் பட்டினி கிடந்திருக்கமாட்டான். இருவர் நிலையையும் ஒரே சொல்லாற் குறிப்பின் அச்சொல்லின் கூர் மழுங்கிப்போகும். மழுங்குவதால் நட்டமடைபவள் கொழுந்து பறிப்பவளே.

அப்படியானால் இழப்பு எதுவுமில்லையா? உண்டு. ஆயின் அது பணத்தின் கணக்கிலோ, உண்மை பொய்யின் கணக்கிலோ அகப்படுவதன்று. அதனைக் காண்பதற்குப் புதிர் என்பதற்கும் பிரச்சினை என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நாம் தெளிந்துகொள்ளல் வேண்டும்.

புதிருக்கு ஓர் ஆசிரியன் உண்டு. விடையை அறிந்த பின்னரே அவன் வினாவை அமைக்கின்றான். குறிப்புகள் எல்லாம் விடையை நோக்கியே செல்லும். வீணான குறிப்பு ஒன்றுமிராது. யாவற்றிலும் முக்கியமாக, புதிரை இட்டவன் அது விடுவிக்கப்படுவதையே விரும்புகின்றான். விளையாடுவோர் தடுமாறினால் இன்னொரு குறிப்பைத் தருகின்றான். சமுதாயப் பிரச்சினையின் தன்மை இதற்கு நேர்மாறானது. அதற்கு விடையை எழுதி உறையிலிட்டு வைத்திருப்பவர் எவருமில்லர். அதன் தடயங்கள் ஒரே திசையிற் செல்வதில்லை. அதனை விடுவிக்க முற்படுவோர் தடுமாறினால் கைகொடுக்க எவரும் வருவதில்லை; அது விடுவிக்கப்படாதிருப்பதிலேயே நலன் காண்போர் எதிரே நிற்கின்றனர். கூலி ஏன் குறைவாக இருக்கின்றது என்பது இரகசியக் குறியீடன்று. அதன் விடையைக் கண்டுபிடிப்பது ஓரளவு எளிது. அவ்விடையை நடைமுறையாக்குவதுதான் அரிது. புதிரிலே அறிவது முடிவு. பிரச்சினையிலே அறிவது தொடக்கம்.

விளம்பரப் புதிர்கள் மக்களிடமிருந்து எடுத்தது என்னவென்பது இப்போது புலனாகும். ஒன்றுகூடும் ஆற்றல், ஒருவர் குறையை மற்றவர் நிரப்பும் பண்பு, முன்பின் அறியாதவரோடு தோழமை கொள்ளும் மனம் ஆகிய இவை யாவும் மெய்யானவை. பொதுவாழ்வுக்கு இன்றியமையாத மூலதனமும் இவையே. ஒரு தொழிற்சங்கத்தையோ, கூட்டுறவுச் சங்கத்தையோ, வாசிகசாலையையோ கட்டுவதற்கு வேறெதுவும் வேண்டுவதில்லை. இம்மெய்யான ஆற்றலைத் தட்டியெழுப்பி, வெளியீட்டுத் திகதியோடு முடிந்துபோகும் ஒரு போலி முடிவை நோக்கி அதனைச் செலுத்தினர் என்பதே நாம் வைக்கவேண்டிய குற்றச்சாட்டு. இல்லாத வேட்பாளருக்காக ஊர்வலம் சென்றவன், ஊர்வலம் செல்வதன் இன்பத்தை முழுமையாக அனுபவித்தான். ஊர்வலத்துக்குரிய காரணத்தை மட்டும் அவனுக்குக் கொடுக்கவில்லை. கிளர்ச்சியாளர் கூட்டத்திலே அமர்ந்திருந்தவன் அச்சத்தின் சிலிர்ப்பையும் தோழமையின் வெப்பத்தையும் பெற்றான். எதற்கு எதிராகக் கிளர்வது என்பது பாடல் தொகுப்பின் அட்டையோடு நின்றுவிட்டது. பசியைத் தூண்டிவிட்டு உணவின் படத்தைக் காட்டுவது போன்றது இது. சிலர் அதனோடு திருப்தியடைந்துவிடுவர் என்பதே அதிலுள்ள ஆபத்து.

இவ்வேறுபாடு வெறும் ஏட்டுச் சுரைக்காயன்று என்பதற்கு வரலாற்றிலேயே சான்றுண்டு. 'பீஸ்ட்' விளையாட்டு முடிவுற்றுச் சில வாரங்களின் பின்னர், 2001ஆம் ஆண்டு செப்டெம்பர் 11ஆந் திகதி நியூயோர்க்கிலும் வொஷிங்டனிலும் தாக்குதல்கள் நிகழ்ந்தன. கிளவுட்மேக்கர்ஸ் குழுவைச் சேர்ந்த சிலர், மாபெரும் புதிர்களை விடுவித்த நாம் இதனையும் விடுவிக்கலாம் என்ற கருத்தோடு தமக்குள் எழுதிக்கொள்ளத் தொடங்கினர். வேறு சிலர் இதனைக் கண்டித்தனர். ஈற்றில் குழுவின் நெறியாளர்களே தலையிட்டு, இது விளையாட்டன்று என நினைவூட்டி, அம்முயற்சியைக் கைவிடுமாறு கேட்டுக்கொண்டனர். விளையாட்டு ஆய்வாளர் ஜேன் மக்கொனிகல் 2003ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையொன்றிலே இந்நிகழ்ச்சியை விரிவாக ஆராய்ந்தார். ஒன்றுசேர்ந்தால் எதனையும் சாதிக்கலாம் என்ற தன்னம்பிக்கையை இவ்விளையாட்டுகள் வளர்க்கின்றன. அதனை உலக நலனுக்குத் திருப்பலாம் என்பது அவர் பிற்காலத்திலும் வற்புறுத்திவந்த கொள்கையாகும்.

அந்த இளைஞர்களின் மனம் தூயது என்பதில் ஐயமில்லை. மூவாயிரம்பேர் மாண்ட வேளையில் கைகட்டி இருக்க அவர்களால் இயலவில்லை. ஆயின் அவர்கள் கையிலிருந்த கருவி எத்தகையது? எங்கோ ஓர் ஆசிரியன் குறிப்புகளைத் தூவி வைத்திருக்கின்றான், அவற்றைப் பொருத்தினால் உண்மை வெளிப்படும் என்ற நம்பிக்கைதான் அக்கருவி. ஒரு தேசத்தின் அயல்நாட்டுக் கொள்கையும், எண்ணெய் அரசியலும், பல தசாப்தங்களின் போர்களும் பின்னிக்கிடக்கும் நிகழ்வொன்றை அவ்வாறு நோக்கின், வரலாறு மறைந்து சதி மட்டுமே எஞ்சும். காரணங்களைத் தேடுவோர் பொருளாதாரத்தையும் அதிகாரத்தையும் படிக்கவேண்டும். குறிப்புகளைத் தேடுவோருக்கு எண்களும் சாடைகளும் போதும்.

அந்நெறியாளர்களின் எச்சரிக்கையைக் கேளாத ஒரு கூட்டம் பின்னர் தோன்றியது. 2017ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்திலே பெயர் தெரியாத ஒருவர் இணையத்தில் மறைபொருட் குறிப்புகளை இடத் தொடங்கினார். 'கியூ அனோன்' எனப் பெயர்பெற்ற அவ்வியக்கம், அமெரிக்க அரசை ஓர் இரகசியக் கொடியவர் கூட்டமே இயக்குகின்றது என்ற நச்சுக் கதையை வளர்த்தது. அதனைப் பின்பற்றியோர் கட்டளைக்குக் கீழ்ப்படிந்த அடியார்கள் அல்லர். தாமே தேடித் தாமே பொருத்தித் தாமே 'கண்டுபிடித்தோர்'. தமது தொழிலின் உத்திகளே இங்கு உருத்திரிந்து நிற்பதைக் கண்டு, மாற்று மெய்ந்நிலை விளையாட்டுகளை அமைத்தோர் சிலரே 2020ஆம் ஆண்டளவில் இது குறித்து எழுதினர். 2021ஆம் ஆண்டு ஜனவரி 6ஆந் திகதி அமெரிக்கக் காங்கிரசின் கட்டடத்துள் வன்முறையாகப் புகுந்தோரிடையே அவ்வியக்கத்தினரும் இருந்தனர். விளம்பரப் புதிர்கள்தாம் இவ்வியக்கத்தைப் பெற்றெடுத்தன என்று கூறுவது மிகைப்படக் கூறலாகும். வேலையிழப்பும் நம்பிக்கையிழப்பும் இனவெறியும் அதன் வேர்கள். ஆயினும் உலகத்தைப் பிரச்சினையாகக் காணாது புதிராகக் காணும் பழக்கம் எத்துணை தூரம் செல்லக்கூடும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டாகும்.

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். கலைகள் எக்காலத்திலும் எவரோ ஒருவர் பொருளுதவியிலேதான் வளர்ந்தன. அரசர்கள் தம் புகழுக்காகப் புலவரைப் போற்றினர். அதனாற் பாடல்கள் பொய்யாகிவிடவில்லை. கம்பனி தன் விற்பனைக்காக ஒரு புதிய கலைவடிவத்தைப் போற்றினால் மட்டும் குற்றம் என்ன? இத்தடை எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. 'ஐ லவ் பீஸ்' நாடகத்தின் துணுக்கைக் கேட்கத் தெருமுனையிலே காத்திருந்தவர் கலையனுபவத்தைப் பெறவில்லை என்று கூறுவது அறியாமையாகும். ஆயின் ஒரு வேறுபாடுண்டு. புரவலன் மறைந்த பின்னும் பாட்டு நிலைத்தது. அதனைப் பாடிய வாய்கள் புரவலனைக் கடந்து சென்றன. இங்கோ விற்பனை முடிந்ததும் தொலைபேசி ஒலிப்பதில்லை; இணையத்தளங்கள் காலப்போக்கில் அணைக்கப்படுகின்றன. ஏழாயிரம்பேரைக் கூட்டிய கூடத்தின் சாவி கூடியோர் கையில் இல்லை. கலையைப் போற்றியமைக்காக நாம் கம்பனியைக் கடியவில்லை. ஒரு சமூகத்தைத் தோற்றுவித்துவிட்டு, அதன் ஆயுளை வெளியீட்டு நாட்காட்டியால் அளந்தமையே கடியத்தக்கது.

அவ்வாற்றல் வேறு திசையிலும் செல்லக்கூடியது என்பதற்கு உதாரணங்கள் இல்லாமலில்லை. 2007ஆம் ஆண்டிலேயே, அமெரிக்கப் பொது ஒலிபரப்பு நிதியின் ஆதரவோடு, எண்ணெய் தட்டுப்பட்டால் அன்றாட வாழ்வு எவ்வாறு மாறும் என்பதைப் பொதுமக்களே எழுதிக் கூட்டும் 'வேர்ல்ட் வித்தவுட் ஒயில்' என்னும் விளையாட்டு நடத்தப்பட்டது. அதற்கு ஆயத்த விடை எதுவுமிருக்கவில்லை. வொஷிங்டன் பல்கலைக்கழகத்தார் 2008இல் அமைத்த 'ஃபோல்டிட்' என்ற புதிரிலே, புரதங்கள் மடியும் வடிவத்தைக் கண்டுபிடிப்பதே விளையாட்டு. குரங்குகளுக்கு எயிட்ஸ் போன்ற நோயை உண்டாக்கும் வைரசு ஒன்றின் நொதியத்தின் அமைப்பு, விஞ்ஞானிகளுக்குப் பத்தாண்டுகளுக்கு மேலாகப் பிடிபடாதிருந்தது. விளையாடியோர் சில வாரங்களுள் அதனை வெளிக்கொணர்ந்தனர். 2011ஆம் ஆண்டு அம்முடிவு ஆய்விதழிலே பிரசுரமாயிற்று. இங்கே புதிரை இட்டவர்களுக்கும் விடை தெரியாது. விளையாட்டு பிரச்சினையோடு கைகோத்தது.

எனினும் இத்தகைய வழியிலே தடைகள் உண்டு. 2009ஆம் ஆண்டு பிரித்தானிய நாடாளுமன்ற உறுப்பினர்களின் செலவுக் கணக்குகள் ஊழலாக வெடித்தபோது, 'கார்டியன்' பத்திரிகை நாலரை லட்சத்துக்கு மேற்பட்ட பக்கங்களை இணையத்திலே வைத்து, வாசகர்களே அவற்றை ஆராயுமாறு அழைத்தது. முதல் 80 மணித்தியாலங்களுள் இருபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் 1,70,000 பக்கங்களைப் பார்வையிட்டனர். பின்னர் அவ்வேகம் தணிந்தது. தணிந்ததற்குக் காரணம் வெளிப்படை. பற்றுச்சீட்டுகளுக்குப் பின்னே கதையாசிரியன் இல்லை. அடுத்த பக்கத்திலே வியப்பு காத்திருக்கும் என்ற உறுதியில்லை. சலிப்பைத் தாங்கும் பொறுமை உண்மையைத் தேடுவோருக்கு வேண்டும். விளம்பரப் புதிர் அப்பொறுமையை வளர்ப்பதில்லை. சலிப்பு தோன்றுமுன் அடுத்த குறிப்பை நீட்டிவிடுகின்றது.

இவ்விடத்திலே இவ்விதழை வாசிக்கும் ஆசிரியர்களும் மாணவர்களும் தம்மை நோக்கியும் ஒரு வினாவை எழுப்பிக்கொள்ளல் நன்று. நமது வகுப்பறைகளிலே எழுப்பப்படும் வினாக்கள் எத்தன்மையன? விடை ஆசிரியர் கையில் இருக்கின்றது. அதற்கான குறிப்பு பாடநூலில் இருக்கின்றது. புள்ளித் திட்டம் பரீட்சைத் திணைக்களத்தில் இருக்கின்றது. பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகள் மாணவன் புதிர்களையே விடுவிக்கின்றான். வினா என்றால் விடை எங்கோ ஏற்கெனவே உள்ளது, அதனை வைத்திருப்பவர் ஒருவர் உள்ளார் என்ற எண்ணம் அவன் உள்ளத்திலே ஊறிப்போகின்றது. அவன் வளர்ந்து வெளியேறும்போது, வியாபாரியும் சதிக்கதை சொல்பவனும் அதே எண்ணத்தைப் பிடித்துக்கொண்டு அவனை அழைத்துச் செல்வது அரிதன்று. ஹொலிவூட்டைக் குறைகூறி நாம் அமைதியடைந்துவிட முடியாது.

ஆதலின் விளையாட்டைப் பகைப்பது நமது வேலையன்று. விளையாட்டை விலக்கிய இயக்கமும் கல்வியும் வறண்டு உதிர்ந்துபோகும். ஏழாயிரம்பேர் ஒருவரையொருவர் அறியாமலே ஒரு கூட்டு மூளையாக இயங்கிய காட்சி, மனிதகுலத்தின்மீது நம்பிக்கை அளிக்கும் காட்சியே. தொழிலாளரின் ஓய்வு நேரம் மனித ஆற்றல்கள் முழுமையாக மலர்வதற்குரிய வெளி என்று மார்க்ஸ் கருதினார். அந்த வெளியிலே யார் வினாவை நடுகின்றார், விளைச்சல் எவர் களஞ்சியத்துக்குச் செல்கின்றது என்று கேட்பது விளையாட்டைக் கெடுப்பதாகாது.

வகுப்பறையிலே வாரத்துக்கு ஒரு முறையேனும் ஆசிரியர் தமக்கே விடை தெரியாத வினாவொன்றை மாணவர் முன் வைக்கலாம். ஊர்க் கிணறுகளில் உப்பு ஏறியது ஏன், வாசிகசாலை பூட்டிக்கிடப்பது ஏன், இவ்வாண்டு வகுப்பிலிருந்து விலகிய மூவர் எங்கே போயினர் என்பன போன்ற வினாக்கள் எந்த ஊரிலும் கிடைக்கும். அவற்றுக்குக் குறிப்பு அனுப்புபவர் எவருமிரார். வெளியீட்டுத் திகதியும் இராது. ஒருவர் அறியாததை இன்னொருவர் அறிந்திருப்பார். கூடித் தேடுவதன் இன்பம் அங்கேயும் உண்டு. தேடிக் கண்டதை வைத்து என்ன செய்வது என்ற அடுத்த வினாவை மாணவர்களே எழுப்புவர்.